காலித் தொட்டி விற்பவன்

கொளத்தூர் மீன் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் எல்லோரும் அவசரத்தோடுதான் வருவார்கள். பையனுக்குப் பிறந்தநாள். நாளைக்குக் கிரகப்பிரவேசம். அல்லது, ஈசானிய மூலையில் இந்த வாரமே தண்ணீர் அசைய வேண்டும் என்று வாஸ்து பார்த்தவர் சொல்லியிருப்பார். ரெண்டடித் தொட்டி, மூடி, லைட், மோட்டார், ஒரு பை கிராவல், ஆறு கோல்டு ஃபிஷ். எல்லாம் ஒரே பில்லில் போட்டு ஒரே ஆட்டோவில் ஏற்ற வேண்டும். நான் தொட்டியைக் கொடுப்பேன், மோட்டாரைக் கொடுப்பேன், மீனை மட்டும் கொடுக்க மாட்டேன்.

"ஒரு மாசம் போகட்டும் சார், அப்புறம் வாங்க."

"ஏன், ஸ்டாக் இல்லையா?"

என் முதுகுக்குப் பின்னால் மோலியும் பிளாட்டியும் ஏஞ்சலும் நூற்றுக்கணக்கில் நீந்திக்கொண்டிருக்கும். அவர் அவற்றைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். தெரு முழுக்கக் கடைதான்.

இந்தத் தொழிலில் வெளியே யாரும் பேசாத கணக்கு ஒன்று உண்டு. தொட்டியை ஒருவர் ஒரு முறைதான் வாங்குவார். மீன் செத்தால் மறுபடி மீன் வாங்குவார், நீலக்கலர் மருந்து வாங்குவார், அதுவும் பலிக்காவிட்டால் இன்னொரு மருந்து வாங்குவார். "தண்ணி இன்னும் செட்டாகல சார்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாஸ்து மீன் என்றால் அதுகூட வேண்டாம். வீட்டுக்கு வந்த திருஷ்டியை அது வாங்கிக்கொண்டு போய்விட்டதாக அவரே திருப்தியாகச் சொல்லிவிடுவார். ஆனால் மூன்றாவது முறையும் மீன் சாகிற வீட்டில் தொட்டி பரணுக்குப் போகிறது, பிறகு இறங்குவதே இல்லை. மீன் பிழைத்த வீட்டுக்காரர் தீனிக்கு வருவார், செடிக்கு வருவார், ரெண்டடியை நாலடியாக்க வருவார். நான் காலித் தொட்டி விற்கப் பழகியதற்குக் காரணம் ஜீவகாருண்யம் மட்டுமல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

புதுத் தொட்டியில் மீன் சாகிற விதம் எளிமையானது. மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே சதா வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியாவைத்தான் தருகிறது. ஏரியில் இது ஒரு விஷயமே இல்லை. ரெண்டுக்கு ஒண்ணு ஒண்ணு தொட்டியில் கிராவலும் மேல் இடைவெளியும் போக நிற்பது ஐம்பது லிட்டருக்குக் குறைவான தண்ணீர். அதில் ஆறு கோல்டு ஃபிஷ் விட்டால் சில நாளிலேயே மீன் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கும், செவுள் சிவக்கும், ஒவ்வொன்றாகச் சாயும். தண்ணீரோ பளிங்காக இருக்கும். "தண்ணி சுத்தமாத்தானே இருந்துச்சு?" என்பதுதான் இந்தக் கடையில் நான் அதிகம் கேட்ட கேள்வி.

சென்னைத் தண்ணீரில் இந்த விஷம் இன்னும் கூடுதலாகக் கடிக்கும். அம்மோனியா தண்ணீரில் இரண்டு உருவத்தில் இருக்கிறது. அமோனியம் அயனியாக இருக்கும்வரை மீனுக்குத் தொல்லை குறைவு. அயனியாகாத அம்மோனியாவாக இருப்பதுதான் கொல்கிறது. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஹெச்சும் சூடும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரியில் பிஹெச் 7 என்றால் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் கொல்லும் உருவத்தில் இருக்கும். பிஹெச் 8 ஆனால் அது ஏழு சதவீதத்தைத் தாண்டிவிடும். நம் ஊர் போர் தண்ணீர் பலவும் எட்டை ஒட்டித்தான் நிற்கிறது. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குளிர்நாட்டுப் புத்தகத்தில் தாங்கும் என்று எழுதியிருக்கிற அளவு இங்கே மே மாதத்தில் தாங்காது.

இந்த அம்மோனியாவைத் தின்று தீர்ப்பவை ஃபில்டரில் குடியேறும் நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். அதுவும் விஷம்தான், ரத்தத்தில் ஏறி ஹீமோகுளோபினை ஆக்ஸிஜன் சுமக்க முடியாததாக்கிவிடும், செவுள் பழுப்பாகும். அடுத்த கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். அதை வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றியே சமாளித்துவிடலாம். இந்த இரண்டு கூட்டமும் ஸ்பாஞ்சில் பெருகி நிலைபெறும்வரை காத்திருப்பதைத்தான் மீன் வளர்க்கிறவர்கள் சைக்கிளிங் என்கிறார்கள். அந்தக் காத்திருப்பில் மீனைப் பலிகொடுக்காமல், அம்மோனியாவை நாமே அளந்து ஊற்றிக் கூட்டத்தைத் தயார் செய்வது மீனில்லா சைக்கிளிங்.

கொளத்தூர், மாதவரம் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது, விஷயம் தெரியும். புது சிமென்ட் தொட்டி கட்டினால் வாழைத்தண்டை வெட்டிப் போட்டுத் தண்ணீர் நிரப்பி ஊறவிடுவார்கள். நாற்றமெடுத்ததும் வடித்துவிட்டு மறுபடி நிரப்புவார்கள். சிமென்டிலிருந்து இறங்கும் சுண்ணாம்புக் காரத்தைத் தண்டு அழுகும்போது உண்டாகும் அமிலம் தணிக்கும் என்பது கணக்கு. அதற்குப் பிறகு செய்வதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பிடுங்கிவந்து, அழுக்கோடு அழுக்காகப் புதுத் தொட்டியில் போடுவார்கள். கப்பி வளர்க்கும் ஓர் அக்காவிடம் ஏன் என்று கேட்டேன். "உறை ஊத்தாம பால் தயிராகுமா தம்பி?" என்றார். அவர் வீட்டு மொட்டைமாடியில் புதுத் தொட்டி என்று மீன் செத்து நான் பார்த்ததில்லை.

ஆய்வுக்கூடத்திலும் கதை ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கியது. 1877-ல் பாரிஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் வழியாகச் சாக்கடை நீரை மெதுவாக இறக்கினார்கள். இருபது நாள் போல அம்மோனியா போட்டபடியே கீழே வந்தது. பிறகு திடீரென்று நைட்ரேட்டாக வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினால் வேலை நின்றது. மண் கரைத்த நீரைக் கொஞ்சம் ஊற்றினால் மறுபடி பிடித்துக்கொண்டது. வேலை செய்வது உயிர்தான் என்பது அப்போது உறுதியாயிற்று. அந்த இருபது நாளைப் படித்தபோது, தினமும் போன் போட்டு "இன்னும் ஆகலையா?" என்று கேட்கும் என் வாடிக்கையாளர்களின் முகம்தான் ஞாபகம் வந்தது. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ஆய்வாளர் இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்தார். மீன் புத்தகங்கள் நீண்ட காலம் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற இரு பெயர்களையே ஒப்பித்துவந்தன. 1998-ல் டிமோதி ஹோவானெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளைத் துருவிப் பார்த்து, நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். 2015-ல் இன்னொரு வியப்பு: முதல் படியையும் இரண்டாம் படியையும் தனியாளாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைராவை இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. அதில் ஒன்று கிடைத்த இடம் மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் ஃபில்டர். அந்த அக்காவின் ஸ்பாஞ்சைப் பிழிந்து பார்த்திருந்தால் என்னென்ன கிடைத்திருக்குமோ.

நம் கடைக் கவுன்டருக்கு இதில் பயன்படும் செய்தி ஒன்றுதான். இவை மெதுவாகப் பெருகுபவை. ஈ கோலை போன்ற பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். இவற்றுக்குப் பல மணி நேரம், பல சமயம் ஒரு நாளே ஆகும். பெருகுவதை அவசரப்படுத்த வழியில்லை; இடையூறு செய்யாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

அம்மோனியாவை எங்கிருந்து கொடுப்பது? இறால் துண்டைத் துணியில் கட்டிப் போடு என்று சிலர் சொல்வார்கள். சைவ வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது, அசைவ வீட்டிலும் நாலாம் நாள் ஹாலில் உட்கார முடியாது. தீனியைத் தினமும் தூவலாம். ஆனால் எவ்வளவு அம்மோனியா வருகிறதென்று கைக்கு அடங்காது, பூஞ்சை படரும், தண்ணீர் பால் போல வெளுக்கும். அந்த வெளுப்பைப் பார்த்து "பாக்டீரியா வந்திடுச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். அது அழுகலைத் தின்னும் வேறு பாக்டீரியா. நமக்கு வேண்டியது தண்ணீரில் மிதப்பதில்லை, பரப்பில் ஒட்டிக்கொள்ளும். நான் கொடுப்பது நவச்சாரம். ஈயம் பூசுகிறவர்கள் சூடான பாத்திரத்தில் தூவித் தேய்ப்பார்களே, அதே அமோனியம் குளோரைடு. அவர்களுடைய கட்டியில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் கெமிக்கல் கடையில் சுத்தமான தூள் வாங்குகிறேன்.

பத்து கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் லேபிள் ஒட்டிக் கொடுத்துவிடுவேன். ஐம்பது லிட்டர் தொட்டிக்கு அதிலிருந்து 16 மில்லி ஊற்றினால் அம்மோனியா 2 பிபிஎம்முக்கு வந்து நிற்கும். ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்தால் போதும். கூட ஊற்றினால் சீக்கிரம் ஆகும் என்று நினைப்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். ஐந்து பிபிஎம்மைத் தாண்டினால் தின்ன வேண்டியதே திணறி நின்றுவிடும். இதோடு சொட்டு முறை டெஸ்ட் கிட் ஒன்று. கிட்டின் விலையைக் கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கும். பட்டையைத் தண்ணீரில் முக்கிப் பார்க்கும் ரகம் மலிவுதான், ஆனால் முக்கியமான இடத்தில் ஏமாற்றும். கிட் வாங்க மனமில்லாதவர்கள் சின்ன பாட்டிலில் தண்ணீரைக் கொண்டுவந்தால் கடையிலேயே பார்த்துச் சொல்லிவிடுவேன்.

முதல் வாரத்தில் ஒன்றும் நடக்காது. டெஸ்ட் குழாயில் அம்மோனியா பச்சையாகவே நிற்கும், ஜீரோ ஆனால்தான் மஞ்சளாகும். பெரியவர்களுக்கு இந்த வாரத்தில்தான் பொறுமை போகும். குழந்தைகள் பரவாயில்லை. வில்லிவாக்கத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தினமும் கலரை ஸ்கெட்ச் பேனாவால் தீட்டி வைத்திருந்தாள். ஒரு நாள் அவள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு, "அங்கிள், அம்மோனியா மஞ்சளாயிடுச்சு! நாளைக்கு மீன் வாங்க வரலாமா?" என்றாள்.

"நைட்ரைட் என்ன கலர்மா?"

"ஊதா. ரொம்ப ஊதா."

"அப்ப வராதே."

மீனில்லா சைக்கிளிங்கில் ஆள்கள் தவறுவது இந்த இடத்தில்தான், ஆரம்பத்தில் அல்ல. அம்மோனியா ஜீரோவைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று மீனை விட்டுவிடுவார்கள். உண்மையில் தொட்டி மிக மோசமாக இருப்பது அந்தச் சமயம்தான். ஒரு பங்கு அம்மோனியா 2.7 பங்கு நைட்ரைட்டாகிறது. இரண்டு பிபிஎம் ஊற்றிய ஒவ்வொரு முறையும் ஐந்துக்கு மேல் நைட்ரைட் சேர்ந்துகொண்டே போகும். அதைத் தின்ன வேண்டிய இரண்டாம் கூட்டமோ, தனக்கு உணவு உண்டானபிறகுதான் பெருகவே தொடங்கும். கிட்டின் கடைசி ஊதாவைத் தாண்டிப் போய்விட்டால், இருக்கிறது என்று தெரியுமே தவிர எவ்வளவு என்று தெரியாது. நாட்கள் போகும், கலர் மாறாது. அப்போது தொட்டித் தண்ணீர் ஒரு பங்கோடு காய்ச்சி வடித்த தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து டெஸ்ட் செய்து, வந்ததைப் பத்தால் பெருக்கச் சொல்வேன். இறங்குகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குப் படும். நவச்சாரத்தையும் பாதியாகக் குறைத்துவிடலாம். பாதித் தண்ணீரை மாற்றினாலும் குற்றமில்லை; கூட்டம் ஸ்பாஞ்சில் இருக்கிறது, தண்ணீரோடு போய்விடாது. நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் கிட் காட்டுவதை நம்ப வேண்டாம், அது இரண்டையும் சேர்த்துக் காட்டிவிடும். வில்லிவாக்கத்துப் பெண்ணின் நோட்டில் ஊதா ஒரு பக்கம் முழுக்க இறங்கியது. பிறகு ஒரே இரவில் ஜீரோவுக்கான வானநீலமானது. அது எப்போதும் அப்படித்தான், படிப்படியாக வெளுப்பதில்லை.

சில தொட்டிகள் பாதியில் நின்றுபோகும். "அம்மோனியா அப்படியே நிக்குது அண்ணே, குறையவே மாட்டேங்குது" என்று ஒருவர் வந்தால் நான் முதலில் கேட்பது, என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்பதுதான். உப்புத் தண்ணீர் மீனுக்கு ஆகாது என்று நினைத்து முழுக்க ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றியிருப்பார். இந்த நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது அமிலம் உண்டாகிறது. தண்ணீரின் காரத்தன்மை அதை விழுங்கிக்கொள்கிறது. இரண்டு பிபிஎம் அம்மோனியா முழுக்க நைட்ரேட்டாக மாறினால் லிட்டருக்குச் சுமார் 12 மில்லிகிராம் காரத்தன்மை தீர்ந்துபோகும். நம் போர் தண்ணீரில் அது தாராளமாக இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் சில முறை ஊற்றியதுமே கையிருப்பு காலி, பிஹெச் ஆறுக்குக் கீழே விழும், வேலை நிற்கும். ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவை ஐம்பது லிட்டருக்குப் போட்டால் 60 மில்லிகிராம் அளவுக்குத் திரும்ப ஏறிவிடும். பாதி போர் தண்ணீர் கலந்தாலும் போதும். நாம் சபிக்கிற உப்புத் தண்ணீருக்கு இந்த ஒரு விஷயத்தில் மரியாதை உண்டு.

மெட்ரோ தண்ணீர் என்றால் சிக்கல் குளோரின். அதைக் கொல்லச் சோடியம் தயோசல்ஃபேட், கடைகளில் ஆன்டி-குளோரின் சொட்டாகக் கிடைக்கும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே டேங்கர் லாரிக்குக் காத்திருந்தபோது, ஒவ்வொரு லாரியும் ஒவ்வொரு குணமுள்ள தண்ணீரைக் கொண்டுவந்தது. குடிக்கவே தண்ணீர் இல்லாத வீட்டில் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சில மாதங்கள் புதுத் தொட்டி விற்பதையே குறைத்துக்கொண்டேன்.

பாட்டிலில் வரும் பாக்டீரியாவைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. நானும் விற்கிறேன், சத்தியம் செய்து விற்பதில்லை. நைட்ரஜன் வேலை செய்யும் இந்தக் கூட்டம் விதை மாதிரியான உறக்க நிலைக்குப் போய்ப் பல வருஷம் கிடக்கிற ரகமல்ல. பூட்டிய லாரியில் வெயிலில் வந்து, கண்ணாடி அலமாரியில் கோடையைக் கழித்த பாட்டிலில் எவ்வளவு உயிர் மிச்சமிருக்கும்? லேபிளில் பேசில்லஸ் என்று இருந்தால் அது கசடைத் தின்னும், அம்மோனியா வேலைக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். குளிரில் வைத்து விற்கும் நல்ல சரக்கு நாட்களைக் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட, நோயில்லாத தொட்டி என்று நமக்கே தெரிந்த இடத்திலிருந்து எடுத்த பழைய ஸ்பாஞ்ச் மலிவு. நோயில்லாத என்பதை அடிக்கோடிட வேண்டும். ஸ்பாஞ்சோடு வெள்ளைப்புள்ளி நோயும் குடிவரும்.

முடிந்ததா என்று பார்க்க ஒரே சோதனைதான். இரவு இரண்டு பிபிஎம் ஊற்று. மறுநாள் இரவு அம்மோனியாவும் ஜீரோ, நைட்ரைட்டும் ஜீரோ. ஒரு நாள் தற்செயலாக வரலாம், அடுத்தடுத்து வந்தால் நம்பலாம். சென்னைச் சூட்டில் ஹீட்டர் தேவையில்லாததால் பொதுவாக மூன்று வாரத்திலிருந்து ஐந்து வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பெருமளவு தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை இறக்கிவிட்டு மீனை விடலாம். மீன் வரும் முந்தின நாள்வரை நவச்சாரம் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும், பட்டினி போட்டால் கூட்டம் சுருங்கும். கூட்டம் ஏற்கெனவே முழுப் பலத்தில் இருப்பதால், வாரத்துக்கு இரண்டு மீன் என்று தயங்கித் தயங்கி விடவேண்டியதில்லை. தொட்டி தாங்கும் அளவை ஒரே தடவையில் விடலாம். சிக்லிட் போல இடத்துக்குச் சண்டை போடும் மீன்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் ரெண்டடித் தொட்டிக்கு ஆறு கோல்டு ஃபிஷ் எந்தச் சைக்கிளிங்குக்கும் அடங்காது. ஒரு மாதம் காத்திருந்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டு கப்பிக்கோ பிளாட்டிக்கோ இறங்கி வருவார்கள்; அதற்குள் தொட்டி அவர்களுக்கே பாதி புரிந்திருக்கும்.

பிறகு வருவது பராமரிப்பு. அதில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், கூட்டம் குடியிருப்பது அதில்தான். வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளித் தண்ணீரில் அலசிப் பிழிந்தால் போதும்.

இந்தக் கூட்டத்துக்கு அம்மோனியாவைவிட அவசரமான தேவை ஆக்ஸிஜன். வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று கரையேறிய பிறகு வட சென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. போன் கிடைத்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னேன். தீனி போடாதீர்கள், மீன் பட்டினி தாங்கும். சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள். ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்தவர்கள் பேட்டரி ஏர் பம்ப்பில் தப்பித்தார்கள். மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டரில்தான் சிக்கல். மோட்டார் நின்றதும் உள்ளே உள்ள ஆக்ஸிஜன் தீர்ந்து கூட்டம் மடியும், அழுகல் தொடங்கும். கரன்ட் வந்ததும் அது தானாக ஓடி அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் கக்கினால் புயலுக்குத் தப்பிய மீன் அதில் சாகும். பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், திறந்து கொட்டி அலசிவிட்டு ஓட்டுங்கள் என்று சொன்னதைக் கேட்டவர்கள் பிழைத்தார்கள்.

அழுகின முட்டை வாடை வந்த கேனிஸ்டர்காரர்கள் மீனை வாளியில் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். ஜெனரேட்டரில் ஓடிய தொட்டிகளில் பெயர் ஒட்டித் தங்கவைத்தேன். ஃபில்டருக்கு, பண்ணையிலிருந்து எடுத்துவந்த அழுக்கு ஸ்பாஞ்சைக் கவரில் போட்டு ஈரத்தோடு கொடுத்தனுப்பினேன். மீன் தங்கியதற்குக் காசு வாங்கவில்லை. ஸ்பாஞ்சுக்கு வாங்கினேன்.